குடும்ப எஸ்யூவியைக் காட்டுப் பாதைக்குப் பலப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் சுற்று வட்டாரத்திலும் ஃபார்ச்சூனர், பஜேரோ ஸ்போர்ட், இசுசு எம்யூ-எக்ஸ், ஃபோர்ட் எவரெஸ்ட் வைத்திருக்கும் நம் குடும்பங்கள் நிறைய. வாரநாளில் பள்ளிக்கும் வேலைக்கும் ஓடுகிற வண்டியை, விடுமுறையில் உலு லங்காட் பக்கமோ ரவூப் பக்கமோ ஆற்றோரம் கொண்டுபோக ஆசைப்படுகிறோம். சிலருக்குத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் செம்மண் பாதையில் போய்வர வேண்டும். எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். இங்கே சொல்வதெல்லாம் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறுகிற வண்டியை மனதில் வைத்துத்தான். போட்டிக்கு இறங்கும் வண்டிக்குக் கணக்கே வேறு.

என் வண்டி இதற்கெல்லாம் தாங்குமா?

முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள் ஓடி, அதன்மேல் உடல் உட்கார்ந்திருந்தால் அது சட்டக வண்டி. மேலே சொன்ன நான்கும் அந்த வகை. நான்கு சக்கர ஓட்டமும் தாழ்வேக கியரும், அதாவது 4எல், இருக்கிற மாடலாக இருந்தால் பலப்படுத்த நல்ல அடித்தளம் உங்களிடம் இருக்கிறது.

ஹோண்டா சிஆர்-வி, புரோட்டோன் எக்ஸ்70 போன்றவற்றில் சட்டகமும் உடலும் ஒன்று. தாழ்வேக கியர் கிடையாது. பெரொடுவா அருஸ் தரையிலிருந்து 220 மி.மீ. உயரம் நிற்கிறது, ஆனால் பின்சக்கரம் மட்டுமே இழுக்கும். இவற்றை நல்ல டயரோடு தோட்டப் பாதையில் தாராளமாக ஓட்டலாம். அதற்கு மேல் பணம் போட்டு உயர்த்துவதில் பயனில்லை என்பது என் கருத்து.

முதலில் எதை மாற்றுவது?

டயர். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. நம்மில் பலர் பளபளக்கும் விளக்கிலும், முன்பக்க இரும்புத் தடுப்பான புல்பாரிலும் தொடங்கிவிட்டு, டயருக்கு வரும்போது பணம் தீர்ந்துபோய் நிற்கிறோம். தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். இழுவை, பிரேக், திருப்பம் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

கடையிலிருந்து வரும் வண்டியில் பெரும்பாலும் நெடுஞ்சாலை டயர்தான் இருக்கும். அதன் பக்கச் சுவர் மெல்லியது. செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மட்டைகளைக் கவனித்திருப்பீர்கள். அடிப்பகுதியில் வரிசையாக முள் இருக்கும், காயக் காயக் கடினமாகும். பாதையோரம் ஒதுங்கி எதிரே வரும் லோரிக்கு வழி விடும்போது அந்த முள் டயரின் பக்கச் சுவரில் ஏறும். தரையைத் தொடும் பகுதியில் ஏற்பட்ட ஓட்டையைக் குச்சி சொருகி அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் டயர் போனது போனதுதான். அதனால் ‘எல்டி’ என்று பொறித்த, இலகு டிரக்குக்கான தடித்த சுவர் கொண்ட டயரைப் பாருங்கள். டயருக்கு டயர் சில கிலோ எடை கூடும், கொஞ்சம் முரட்டுத்தனமாக ஓடும். அது கொடுக்க வேண்டிய விலை.

18 அங்குல ரிம்மை விட 17 அங்குலம் நல்லது. வெளி விட்டம் மாறாமல் ரிம் சிறிதானால் ரப்பர் சுவர் உயரமாகும். காற்றைக் குறைத்து ஓட்ட வசதி. ஆனால் பிரேக் காலிப்பர் இடிக்காத ரிம்மா என்று பொருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஏ/டி போதுமா, எம்/டி வேண்டுமா?

ஏ/டி என்பது எல்லாத் தரைக்குமான டயர், எம்/டி சேற்றுக்கான டயர். குடும்ப வண்டிக்கு ஏ/டி போதும். எம்/டி சேற்றில் அருமையாக வேலை செய்யும். அகலமான இடைவெளிகள் சக்கரம் சுற்றும்போது களிமண்ணை வீசி எறிந்துவிடும். ஏ/டியின் பள்ளங்களில் செம்மண் அப்பிக்கொண்டால் டயர் மொழுமொழு என்று ஆகிவிடும், உண்மைதான். ஆனால் நம் வண்டி ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை. மாலை மழையில் நனைந்த கெசாஸ் நெடுஞ்சாலையில் திடீர் பிரேக் போடும்போது எம்/டி அவ்வளவாகப் பிடிக்காது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருக்கும்போது எனக்கு அந்தப் பிடிப்புதான் பெரிது.

கொஞ்சம் பெரிய அளவு டயர் போடலாமா?

ஒரு படி மேலே போகலாம், அதுவும் கணக்குப் பார்த்து. 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. 265/70 ஆர்17 என்றால் சுமார் 803 மி.மீ. வித்தியாசம் 27 மி.மீ. என்றாலும் அச்சு உயர்வது அதில் பாதி, 13 மி.மீ.தான். வேகமானி முன்பு 100 காட்டிய அதே இடத்தில் இப்போது நீங்கள் 103க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். திருப்பும்போது உள் மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஒரு சக்கரம் திண்ணையில் ஏறி ஸ்ப்ரிங் அமுங்கிய நிலையிலும் பாருங்கள். ஸ்பேர் டயரும் அதே அளவில் இருக்க வேண்டும். டயர் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பிடிக்கும்.

காற்றைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்களே, ஏன்?

டயர் தரையில் பரந்து உட்காரும். தொடும் நீளம் கூடும். கல்லில் ஏறும்போது வளைந்து கொடுக்கும். சாலையில் 33 பிஎஸ்ஐ வைத்திருந்தால் கரடுமுரடான பாதையில் 25 பக்கம் இறக்கலாம், சேற்றிலும் மணலிலும் 20 வரை. காசு செலவில்லாமல் கிடைக்கும் மாற்றம் இது ஒன்றுதான். ஆனால் திரும்பி நெடுஞ்சாலை ஏறுவதற்கு முன்னால் காற்றடித்தே ஆக வேண்டும். தொய்ந்த டயர் வேகத்தில் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் நேரடியாக மாட்டும் நல்ல கம்ப்ரஸர் ஒன்றும் அளவுமானி ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

டயருக்கு அப்புறம் ஸ்ப்ரிங், அப்சோபர்தானே? எது வாங்குவது?

பிராண்டைக் கேட்பதற்கு முன்னால் எடையைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

எந்த வண்டிக்கும் ஆட்கள், சாமான், பொருத்திய பாகங்கள் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் என்று உற்பத்தியாளர் விதித்த மொத்த எடை வரம்பு உண்டு. கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் வரும். இந்த வகை எஸ்யூவிகளில் அது 600 கிலோவை ஒட்டியே நிற்கிறது.

இப்போது கூட்டுங்கள். ஏழு பேர், ஆளுக்குச் சராசரி 60 கிலோ என்றால் 420. இரும்புப் புல்பார் 60, சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் 40, அடித்தகடுகள் 40, கூரை ரேக் 30, ஐந்து தடித்த டயர்களால் கூடுவது 25. இதுவே 615 ஆகிவிட்டது. கூடாரம், ஐஸ் பெட்டி, தண்ணீர், பாத்திரம், அம்மா கட்டிக்கொடுத்த சாப்பாடு எதுவும் இன்னும் ஏறவில்லை. கூடுதலாகப் போடும் ஒவ்வொரு கிலோவும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஒதுக்கிய இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கடினமான ஸ்ப்ரிங் போட்டால் வண்டியின் பின்புறம் தொங்காது, அவ்வளவுதான். வரம்பு உயராது. அச்சு, பேரிங், பிரேக் எல்லாம் பழையவையே.

எனவே ஸ்ப்ரிங் வாங்கப் போகும்போது, எப்போதும் வண்டியிலேயே இருக்கும் பாரம் எவ்வளவு, எப்போதாவது ஏறும் பாரம் எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். ஓல்ட் மேன் ஈமு, டாபின்சன்ஸ், அயர்ன்மேன், டஃப் டாக் போன்ற ஆஸ்திரேலியத் தயாரிப்புகளில் ஒரே வண்டிக்கே பார அளவுக்கு ஏற்ப வெவ்வேறு ஸ்ப்ரிங் உண்டு. ‘ஹெவி டியூட்டிதான் வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால், 300 கிலோ நிரந்தரச் சுமைக்கான ஸ்ப்ரிங்கைக் காலி வண்டியில் மாட்டிவிடுவார்கள். அப்புறம் பங்சார் போய்வருவதற்குள் பின் இருக்கையில் இருப்பவருக்கு முதுகு போய்விடும். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும், பிடிப்பும் குறையும்.

ஸ்ப்ரிங்கின் துள்ளலை அடக்கும் அப்சோபரின் விஷயம் வேறு. செம்மண் பாதையில் அலை அலையாக இருக்கும் மேட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே எண்ணெய் சூடேறி நுரைக்கும். தடுக்கும் சக்தி போய் வண்டி மிதக்கத் தொடங்கும். பெரிய உருளை, அதிக எண்ணெய், நைட்ரஜன் அழுத்தம் எல்லாம் இந்தச் சூட்டைச் சமாளிக்கத்தான். குடும்ப வண்டிக்கு நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக் குழாய் வகை போதுமானது. ஸ்ப்ரிங்கும் அப்சோபரும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக இருந்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்.

பட்டறையில் 4 அங்குலம் தூக்கலாம் என்கிறார்கள். தூக்கட்டுமா?

வேண்டாம். 40 முதல் 50 மி.மீ. போதும். முன்சக்கரத்துக்கு ஓட்டம் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட் அதற்கு மேல் செங்குத்தான கோணத்தில் சுழன்று, ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து கெட்டுப்போகும். சக்கரத்தை மேலிருந்து பிடித்திருக்கும் அப்பர் ஆர்மை மாற்றாமல் அலைன்மென்ட் சரியாக வராது. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் அலையும். எல்லாவற்றையும் விட, உயரம் கூடக் கூட வண்டி கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு தொழிற்சாலை உயரத்துக்குச் சரிசெய்யப்பட்டது. தூக்கியபின், எந்த அளவானாலும், அலைன்மென்ட் பார்க்காமல் பட்டறையை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

அடித்தகடு தேவையா?

தேவை. எஞ்சின் எண்ணெய்த் தொட்டி, கியர்பெட்டி, முன்பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றையும் மூடும் தகடு. அலுமினியம் எடை குறைவு. இரும்பு மலிவு, அடி வாங்கினாலும் தட்டி நிமிர்த்தலாம். எண்ணெய் மாற்றுவதற்குத் துளை இருக்கிறதா, சேறு வழிந்தோட வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

புல்பாரும் வின்ச்சும் இல்லாமல் போகலாமா?

தாராளமாக. இரண்டு வண்டியாகச் சேர்ந்து போனால் குடும்பப் பயணத்தில் வின்ச்சுக்கு வேலை வருவது அபூர்வம். ஒரு மண்வெட்டி, ஒரு ஜோடி இழுவைப் பலகை, நல்ல மீட்புக் கயிறு ஒன்று இருந்தால் பெரும்பாலான சேற்றிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

வாங்கித்தான் தீருவேன் என்றால் அளவைச் சரியாக எடுங்கள். வண்டியின் மொத்த எடை வரம்பை ஒன்றரையால் பெருக்குவது வழக்கம். 2,700 கிலோ என்றால் 4,050 கிலோ. சுமார் 9,000 பவுண்டு. கடையில் கிடைக்கும் 9,500 பவுண்டு வின்ச் பொருந்தும். அந்த முழு இழுவை உருளையின் முதல் அடுக்கில்தான் கிடைக்கும். கயிறு மேலே மேலே சுற்றியிருந்தால் குறைந்துகொண்டே போகும். கம்பி வடத்துக்குப் பதில் செயற்கை நாரிழைக் கயிறு போடுங்கள். பல கிலோ குறையும், அறுந்தாலும் கம்பி போல வீசியடிக்காது. மரத்தில் கட்டும்போது அகலப் பட்டை போட்டுக் கட்டுங்கள்; வெறும் கயிறு மரப்பட்டையை உரித்து மரத்தைக் கொன்றுவிடும்.

பின்னால் இருக்கும் டோ பாலில் கயிறு மாட்டி இழுக்கலாமா?

கூடாது. எந்த நிலையிலும் கூடாது. டிரெய்லர் இழுக்கும் அந்தக் குமிழ் திடீர் இழுப்பைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அது முறிந்தால் நீட்டிய கயிற்றின் வேகத்தில் துப்பாக்கிக் குண்டைப் போல் பாய்ந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். உலகின் பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கப்பலில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைக்க முன்னால் தரப்படும் மெல்லிய வளையத்திலும் மாட்டக் கூடாது.

சட்டகத்தில் உயர்தர போல்ட்டால் பொருத்தும், தாங்கும் அளவு பொறித்த மீட்புக் கொக்கியை முன்னாலும் பின்னாலும் போடுங்கள். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும், 4.75 டன் எனப் பொறித்த ஷாக்கல் இந்த வண்டிகளுக்குச் சரி. நடுக்கயிற்றின்மேல் கனமான போர்வை அல்லது மண் நிரப்பிய பையைப் போடுங்கள். இழுக்கும்போது பிள்ளைகள் மட்டுமல்ல, கைபேசியில் படம் பிடிக்கும் மாமாவும் கயிற்றின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். தயவுசெய்து இதில் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். விளக்கையும் கூரை ரேக்கையும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளினாலும் இந்தக் கொக்கிகளை இந்த ஆண்டே போடுங்கள்.

டிஃப் லாக் போடுவது அவசியமா?

உங்கள் வண்டியில் ஏற்கெனவே பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃப் லாக்கோ, சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மற்ற சக்கரத்துக்கு இழுவை தரும் கட்டுப்பாடோ இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். அதைப் பயன்படுத்தாமலேயே பலர் காற்றழுத்த லாக்கருக்கு விலை கேட்கிறார்கள். இருப்பதை முதலில் பழகுங்கள். லாக்கைத் தாழ்வேகத்தில், வழுக்கும் தரையில் மட்டும் போடுங்கள்; பிடிமானமுள்ள தரையில் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும், அச்சும் முறியலாம்.

ஸ்நோர்க்கல் போட்டால் வெள்ளத்தில் ஓட்டலாமா?

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. பயம் நியாயமானது. ஆனால் ஸ்நோர்க்கல் செய்வது ஒன்றே ஒன்று: எஞ்சின் காற்றிழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகிறது. கதவு வழியாகத் தண்ணீர் புகுவதை அது தடுக்காது, மின்னணுப் பெட்டி நனைவதைத் தடுக்காது, வண்டி மிதப்பதையும் தடுக்காது. ஓடும் வெள்ளம் 60 செ.மீ. உயரம் இருந்தால் பெரிய வண்டியையும் தூக்கிப் புரட்டும். வெள்ளத்தில் இறங்குவதற்காக இதை வாங்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள்.

ஆற்றைக் கடக்கும் பயணத்துக்கு உதவும் மலிவான வேலை ஒன்று உண்டு: அச்சில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃப் காற்று வாங்கும் பிரீதர் குழாயை நீட்டுவது. ஓடிச் சூடான டிஃப் சட்டென்று குளிர்ந்த ஆற்றுநீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பின்னர் எண்ணெய் இறக்கிப் பார்த்தால் தே தாரிக் நிறத்தில் வழியும். அதே எண்ணெயோடு ஓட்டினால் பல்சக்கரமும் பேரிங்கும் தேய்ந்து போகும். ஒரு நீளமான ரப்பர் குழாயை எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டினால் இந்த வம்பே இல்லை.

ஜேபிஜே, காப்புறுதி விஷயம் எப்படி?

வண்டியின் கட்டமைப்பை மாற்றும் எதற்கும் ஜேபிஜேயின் ஒப்புதல் தேவை. அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பரிசோதனையும் உண்டு. தூக்குவது, புல்பார், வின்ச் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஜேபிஜேயில் நேரில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘எல்லாரும் போடுகிறார்கள் பாஸ்’ என்று கடைக்காரர் சொல்வது சாலைத் தடுப்பில் உதவாது. கூடுதல் விளக்குகளைப் பொதுச்சாலையில் எரியவிடாதீர்கள்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். நம் நாட்டு முழுக் காப்புறுதியிலும் வெள்ளச் சேதம் பொதுவாகத் தானாக வராது, இயற்கைப் பேரிடர் பிரிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

டீசல் செலவு கூடுமா?

கூடும். எடை, பெரிய டயர், கூரையில் காற்றை எதிர்க்கும் ரேக் மூன்றும் சேர்ந்து குடிக்கும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது பலர் கூரை ரேக்கைக் கழற்றி வைத்தார்கள். நல்ல பழக்கம். பயணம் முடிந்ததும் கழற்றுங்கள். நம் டீசலில் செம்பனை எண்ணெய்க் கலப்பு உண்டு, அது ஈரத்தை எளிதில் ஈர்க்கும். எரிபொருள் வடிகட்டியில் சேரும் தண்ணீரை அவ்வப்போது இறக்கிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு எங்கே போகலாம்?

தெரிந்தவர்களின் தோட்டப் பாதையே சிறந்த பள்ளிக்கூடம். நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். வனக் காப்பகத்துக்குள் நுழைய மாநில வனத்துறை அனுமதி வேண்டும். பகாங்கில் மெராப்போ பக்கம், தாமான் நெகாராவின் சுங்கை ரெலாவிலிருந்து கோலா ஜூராம் போகும் சாலை அழகான பாதை. முகாம் இடம் உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் இறந்த பிறகு, மலைச்சரிவின் கீழ் கூடாரம் போடுவதைப் பற்றி நான் யாரிடமும் மென்மையாகப் பேசுவதில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மழை கூடுதல். முதல் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

திரும்பி வந்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

மறுநாளே கழுவுங்கள், மேலே பளபளப்பாக்குவதை விட அடியில். சட்டகத்தின் உட்புறம், பிரேக் டிஸ்க்கின் பின்னால், ரேடியேட்டர் இடுக்கு இந்த மூன்றிலும் காய்ந்த செம்மண் தங்கும். ரேடியேட்டரை மெல்லிய நீர்வீச்சில் மட்டும் கழுவுங்கள், வேகமாக அடித்தால் இதழ்கள் மடங்கிவிடும். சிவி ரப்பர் உறையின் மடிப்பை விரலால் விரித்துக் கிழிசல் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். சக்கர நட்டுகளையும் அப்சோபர் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதிதாகப் பொருத்தியவை முதல் பயணத்தில் தளரும். ஆற்றில் இறங்கியிருந்தால் டிஃப் எண்ணெயைச் சிறிது இறக்கி நிறம் பாருங்கள். அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருப்பது சாதாரணம். செதில் செதிலாக இரும்பு இருந்தால் அடுத்த பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, டிஃபைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள்.